கொல்லைப்புற டர்ஃபும் களிமண்ணும்

திருச்சியில் வயலூர் சாலைப் பக்கமோ லால்குடிப் பக்கமோ மனை வாங்கி வீடு கட்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், காம்பவுண்டு சுவரைப் பற்றி ஒரு புலம்பல் வரும். சித்திரை வெயிலில் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விடும். மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சிமென்ட் வைத்து அடைப்பார்கள். ஐப்பசி மழை ஓய்ந்து பார்த்தால் அடைத்த பூச்சு பிதுங்கி உதிர்ந்திருக்கும், விரிசலோ தானாகவே மூடிக்கிடக்கும். அடுத்த சித்திரையில் அதே இடத்தில் மறுபடியும் திறக்கும். மூன்று மாடி வீடு அப்படியே நிற்கிறது, ஆறடிச் சுவருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

கொல்லையில் செயற்கைப் புல் விரித்து ஆட்டக்களம் போட நினைப்பவர், கொட்டேஷன் வாங்குவதற்கு முன் இந்தச் சுவரைப் போய்ப் பார்ப்பது நல்லது. சுவரைப் படுத்துகிற அதே மண்ணின் மேல்தான் களமும் உட்காரப்போகிறது. களமோ சுவரைவிட எத்தனையோ மடங்கு லேசானது.

மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஆடும் டர்ஃப் மைதானங்கள் தமிழ்நாட்டு நகரங்களில் பெருகியது அண்மைக் காலத்தில்தான். அலுவலகம் முடிந்து இரவு பத்து மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில், வலைக்கூண்டுக்குள் ஆறு பேர் ஏழு பேராகக் கிரிக்கெட் ஆடுவது திருச்சிக்கும் பழகிவிட்டது. அந்த ஆசை இப்போது வீட்டுக்கே வருகிறது. ஸ்ரீரங்கத்தின் பழைய மனைகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. வாசல் ஒரு தெருவில் இருக்க, கொல்லை வெகுதூரம் பின்னால் ஓடும். கிணறும் தென்னையும் வாழையும் போக மீந்த இடத்தில் ஒரு கிரிக்கெட் நெட், பிள்ளைகள் பந்து உதைக்க ஒரு சதுரம் என்று கணக்குப் போடத் தோன்றுவது இயல்பு. வருகிற கொட்டேஷனில் இழையின் உயரம், நிறம், எத்தனை வருட வாரண்டி என்பதெல்லாம் விலாவாரியாக இருக்கும். மண்ணுக்குக் கிடைப்பது ஒரே சொல்: லெவலிங்.

செயற்கைப் புல் பிறந்த கதையிலும் மண் கிடையாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-இல் திறக்கப்பட்ட கூரையிட்ட பேஸ்பால் அரங்கில், ஒளி ஊடுருவும் கூரையின் கூச்சம் தாங்காமல் அதற்கு வண்ணம் பூசினார்கள். வெயில் போனதும் உள்ளே இருந்த புல் செத்தது. 1966-இல் மான்சான்டோ நிறுவனத்தின் நைலான் புல் அங்கே விரிக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது. முந்தைய ஆண்டுதான் புல்தரையில் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்குப் போனது. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காக விரிப்பு புதுப்பிக்கப்பட்டதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். இப்படிப்பட்ட சர்வதேச ஹாக்கித் தரைகளுக்கு அடியில் பொதுவாகத் தார்த்தளம் இருக்கும், அதற்கும் அடியில் அடுக்கடுக்காகக் கல் இருக்கும். கொல்லைப்புறக் களத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை அடி ஜல்லியும் அதன்கீழ் ஊர் மண்ணும்தான்.

அந்த ஊர் மண் என்ன மண் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முக்கொம்பில் பிரிந்து மறுபடி நெருங்கும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் தீவு ஸ்ரீரங்கம். மேலே களி கலந்த வண்டல் இருக்கும், சில அடி தோண்டினால் மணல் தட்டுப்படும் இடங்களும் உண்டு. ஆற்றுக்குத் தெற்கே, உய்யக்கொண்டான் வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைந்த நஞ்சைகள் பல இன்று 'நகர்' என்று பெயர் மாறியிருக்கின்றன. அங்கே இன்னொரு சங்கதி சேர்ந்துகொள்கிறது. தொளி உழவு என்பதே மண்ணின் துளைகளை வேண்டுமென்று சிதைக்கிற வேலை. தண்ணீர் கீழே இறங்காமல் பயிருக்கு நிற்கவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மிதித்துச் சேறாக்கிய நிலம் அது. மனைப்பிரிவு வரைபடம் வந்ததும் அந்தக் குணத்தை மறந்துவிடாது. வடக்கே போனால் கதையே வேறு. லால்குடி, புள்ளம்பாடியைத் தாண்டிப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை வரை கிடப்பது சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களி. இந்தப் பாறைத் தொகுதியை 1860-களிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மழை அரித்துப் பள்ளம் பள்ளமாகப் போன காரை மேடுகளில் நடந்தால், காலடியில் ஜிப்சம் சில்லுகள் பளபளக்கும். இந்த ஜிப்சம் பின்னால் மறுபடியும் வரும்.

களிமண் என்று பொதுவாகச் சொல்வது இரண்டு மைக்ரானுக்கும் குறைவான துகள்களை. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறு துகள்களை வரிசையாக அடுக்கலாம். மணல்துகள் உருண்டை, களித்துகளோ தகடு. வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொண்டால் விளங்கும். இலைமேல் இலையாகத் தகடுகள் அடுக்கியிருக்கும். கேயோலினைட் என்ற வகையில் கவுளி நார் போட்டு இறுகக் கட்டியது, இலைகளுக்கு நடுவே தண்ணீர் புகாது. செம்மண்ணில் அதிகம் இருப்பது இது. மான்ட்மோரில்லோனைட் என்ற வகையில் கட்டே கிடையாது. ஒவ்வோர் இலையும் சிறிதளவு எதிர்மின்னூட்டம் கொண்டது, இடையில் சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் உட்கார்ந்திருக்கும். ஒரு முனை நேர், மறுமுனை எதிர் என்று இருக்கும் தண்ணீர் மூலக்கூறு இவற்றால் ஈர்க்கப்பட்டு உள்ளே நுழைகிறது. நுழைந்தால் இலைகள் விலகும், கவுளி தடிக்கும். வெயிலில் தண்ணீர் போனால் இலைகள் மறுபடி ஒட்டும். கரிசல் நிலத்தில் இந்த இரண்டாம் வகையின் பங்கு பெரிது. ஒரு கிராம் மான்ட்மோரில்லோனைட்டின் எல்லாத் தகடுகளையும் பிரித்துப் பரப்ப முடிந்தால் சுமார் 800 சதுர மீட்டர் வரும், அதாவது மூன்றரை கிரவுண்டு. கேயோலினைட்டுக்கு அதில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது.

கண்ணுக்கே தெரியாத இந்த இலைகளுக்கு நடுவே தண்ணீர் புகுவது எப்படித் தெரிந்தது? எக்ஸ் கதிர்களை வைத்து. அடுக்கடுக்கான பொருள்மேல் எக்ஸ் கதிர் பட்டுச் சிதறும் கோணத்திலிருந்து அடுக்குகளின் இடைவெளியைக் கணக்கிடலாம். 1933-இல் ஹோஃப்மன், எண்டெல், வில்ம் என்ற மூன்று ஜெர்மானியர்கள் இந்த முறையில் மான்ட்மோரில்லோனைட்டின் அமைப்பை வெளியிட்டார்கள். காய்ந்த நிலையில் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குச் சுமார் ஒரு நானோமீட்டர். ஈரம் கூடக்கூட அது 1.2, 1.5, 1.9 என்று படிப்படியாகத் தாவுவது பின்னால் துல்லியமாக அளக்கப்பட்டது. இடைவெளி சீராக வளராமல் படியேறுவதுதான் சுவையான தடயம். மூலக்கூறுகள் ஒரு வரிசை, இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று உள்ளே அணிவகுக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

ஆனால் வீட்டுக்காரருக்கு எக்ஸ் கதிர் வேண்டாம், கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1977-இல் வெளியிட்ட ஐ.எஸ். 2720, 40-ஆம் பகுதி சொல்லும் சோதனை அவ்வளவு எளிமையானது. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, நூறு மில்லி கொள்ளும் இரண்டு அளவு உருளைகளில் போடவேண்டும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். காற்றுக் குமிழிகள் போகக் கிளறிவிட்டு ஒரு நாள் விட்டுவிட்டால், மறுநாள் இரண்டிலும் மண் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்க்கலாம். மண்ணெண்ணெய் மூலக்கூறுக்கு நேர்முனையும் இல்லை எதிர்முனையும் இல்லை, ஆகவே இலைகளுக்கு நடுவே அதற்கு வேலையில்லை. மண் அதில் வீங்காமல் படிகிறது. மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 18 மில்லி என்றால் வித்தியாசம் 80 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டும் மண்ணில் களம் போடுவதென்றால் இன்ஜினியரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. ரேஷன் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்ட காலத்தில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். மண் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தாலும் வேலை முடியும், களத்துக்கு ஆகும் செலவில் அது ஒரு பொருட்டே அல்ல.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே பழக்கம். சேப்பாக்கத்தில் செம்மண் பிட்ச்சும் உண்டு, கரிசல்மண் பிட்ச்சும் உண்டு. ஐந்து நாள் வெயிலில் பிட்ச் எப்படி உலரும், எங்கே வெடிக்கும், சுழற்பந்து எப்போது திரும்பும் என்ற வர்ணனையாளர்களின் வாதமெல்லாம் களித்தகடுகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீரைப் பற்றியதுதான். பிட்ச்சில் வெடிப்பு ஆட்டத்தின் பகுதி. டர்ஃபின் அடியில் வெடித்தால் அது வாரண்டித் தகராறு.

இப்போது சுவருக்கு வரலாம். வீங்கும் களி மேலே இருப்பதைத் தள்ளும் விசைக்கு வீக்க அழுத்தம் என்று பெயர். கடுமையாக வீங்கும் கரிசலில் அது சதுர மீட்டருக்கு 20 டன்னையும் தாண்டும். இரண்டு மூன்று மாடி வீட்டின் அஸ்திவாரம் தன் அடிமண்ணைச் சதுர மீட்டருக்குப் பத்து டன் அளவில் அழுத்துகிறது. முழுக்க ஜெயிக்காவிட்டாலும் மண்ணோடு மல்லுக்கட்ட அது போதும், தவிர வீட்டு அஸ்திவாரம் ஆழமாகவும் போகிறது. ஆறடிச் செங்கல் சுவர் அழுத்துவது ஒன்றரை, இரண்டு டன்தான், அஸ்திவாரமும் பெயருக்குத்தான். அதனால்தான் சுவர் முதலில் தோற்கிறது. அரை அடி ஜல்லியும் மணல் தூவிய செயற்கைப் புல்லும் சேர்ந்து எவ்வளவு அழுத்தும்? சதுர மீட்டருக்கு அரை டன்கூடத் தேறாது. மண்ணைப் பொறுத்தவரை மேலே ஒன்றுமே இல்லை.

இதே ஸ்ரீரங்கத்தில் 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம் நிற்கிறது. அவ்வளவு பெரிய கட்டடத்துக்குக் கீழ் எழும் கேள்வி, மண் பாரம் தாங்குமா, அமுங்குமா என்பது. லேசான களத்துக்கு அது நேர் தலைகீழ்: மண் தூக்குமா? பாரம் பற்றிய அனுபவத்தில் பழுத்த மேஸ்திரிகள்கூட இங்கே சறுக்குவது இதனால்தான். "இதுக்கு மேல யாரு சார் பஸ்ஸா விடப்போறாங்க, சும்மா ரோலர் போட்டா போதும்" என்பார்கள். பஸ் விட்டால் மண் கொஞ்சம் அடங்கியாவது இருக்கும்.

எல்லா இடத்திலும் ஒரே அளவில் மூன்று சென்டிமீட்டர் உயர்ந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தொல்லை, ஓரிடம் உயர்ந்து பக்கத்து இடம் உயராததில். விரிப்பைப் போட்டதும் களத்தின் நடுவில் ஆவியாதல் குறைகிறது, அங்கே மண் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருக்கிறது. விளிம்பில் அப்படியில்லை. கோடையில் பக்கவாட்டில் காய்ந்து இறங்கும், மழையில் ஊறி ஏறும். சில வருடங்களில் களம் நடுவில் மேடும் ஓரத்தில் சரிவுமாக மாறும். விளிம்பில் மரம் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வேம்பும் மாவும் கோடையில் வேர் நீளும் தூரமெல்லாம் ஈரத்தை உறிஞ்சுகின்றன, அந்தப் பக்கம் மட்டும் மண் சுருங்குகிறது. இங்கிலாந்தில் 1976-இன் கடும் வறட்சியில் லண்டன் களிமண்மேல் நின்ற வீடுகள் ஆயிரக்கணக்கில் விரிசல் விட, மரங்களுக்கு அருகே இருந்தவை மோசமாக அடிபட்டன. அதற்கு மூன்றாண்டு முன்பு அமெரிக்கப் பொறியாளர்கள் ஜோன்சும் ஹோல்ட்சும் போட்ட கணக்கு இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது. வீங்கும் மண்ணால் தங்கள் நாட்டுக்கு ஆண்டுக்கு 230 கோடி டாலர் இழப்பு என்றும், அது வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்து தரும் சராசரி இழப்பைவிட அதிகம் என்றும் 1973-இல் அவர்கள் எழுதினார்கள். செத்தவர் யாருமில்லை, படம் பிடிக்கவும் ஒன்றுமில்லை. அதனால் செய்தியாகவில்லை.

வீக்கம் பாதிக் கதை. மீதிப் பாதி, தண்ணீர் வெளியேறாதது.

மணலில் தண்ணீர் ஒரு நாளில் பல மீட்டர் இறங்கும். இறுகிய களியில் ஒரு வருடத்தில் சில சென்டிமீட்டர் இறங்கினாலே அதிகம். ஏரிகளும் கோயில் குளங்களும் தண்ணீர் நிற்பதற்கு நம்பியிருப்பது இந்தக் குணத்தைத்தான். அப்படிப்பட்ட மண்ணில் அரை அடி பள்ளம் வெட்டி ஜல்லி கொட்டினால், மழைக்காலத்தில் அது ஜல்லி நிரம்பிய குளம்தான். கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நாற்பதடிக்கு இருபதடி களம் என்பது சுமார் 74 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் தண்ணீர் 740 லிட்டர். தூசியில்லாத முக்கால் ஜல்லியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெற்றிடம் என்று வைத்தால், அரை அடி ஜல்லி முழுக்க நிரம்ப ஐந்து சென்டிமீட்டர் மழை போதும். திருச்சிக்கு வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் ஐந்து சென்டிமீட்டர் என்பது அதிசயமில்லை. அதன்பின் தண்ணீர் விரிப்பின் துளைகள் வழியே மேலே வந்து நிற்கும். மேலே வராவிட்டாலும் கெடுதல்தான். தேங்கிய அந்தத் தண்ணீரைத்தான் அடியில் உள்ள களி நிதானமாகக் குடித்து வீங்குகிறது.

ஆகவே நல்ல களத்தின் அடிப்பகுதி, தண்ணீரைக் கீழே இறக்கப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் வெளியே தள்ளுகிறது. வெட்டிய மண்தளத்தையே நூறடிக்கு ஓரடி சரிவாக அமைத்து, தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாயைப் படுக்கவைத்து, வெளியே கால்வாயிலோ மழைநீர்த் தொட்டியிலோ விடுவார்கள். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் என்ற நெய்யாத துணி ஒன்று வரும், நிலத்துணி என்று சொல்லலாம். தண்ணீரை விட்டுவிட்டுச் சேற்றை மட்டும் தடுப்பது அதன் வேலை. அந்தத் துணியை மிச்சம் பிடித்த களங்களில் இரண்டே மழையில் களி மேலே பிதுங்கி ஜல்லியின் இடுக்குகளை அடைக்கும், ஜல்லி கீழே அமுங்கும். குழாயை மிச்சம் பிடித்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் கொல்லையின் களிக்குக் கீழ் மணல் இருக்கிறதா என்று ஒரு குழி தோண்டிப் பார்த்துவிட்டால் செலவு குறையலாம், மணல் வரை இறங்கும் உறிஞ்சு குழியே வடிகாலாகிவிடும். அதிலும் ஒரு கவனம் வேண்டும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் ஓடும்போது தீவின் கிணறுகளில் மட்டம் ஏறும், ஆகவே பங்குனியில் தோண்டிப் பார்த்த குழியை ஆற்றில் வெள்ளம் போகும் நாளிலும் எட்டிப் பார்க்கவேண்டும்.

சரி, வீக்கத்தை என்ன செய்வது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, களியை வெட்டி எடுத்துவிட்டு ஆற்று மணலை நிரப்புவது. மணல் வீங்காது, ஆனால் தண்ணீரைத் தாராளமாக உள்ளே விட்டு அடியில் மிச்சமுள்ள களிக்கே ஊட்டிவிடும். கர்நாடகத்தின் மலப்பிரபா கால்வாய் கரிசல் மண்ணில் படாதபாடு பட்டபோது, பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். கே. கட்டி இந்தச் சிக்கலை எடுத்து ஆராய்ந்தார். 1970-களில் அவர் காட்டிய வழி வழக்கமான யோசனைக்கு எதிரானது. மேலே போடவேண்டியது மணல் அல்ல, ஒட்டும் குணமுள்ள, ஆனால் வீங்காத மண். ஒட்டும் வீங்காமண் என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். களியின் மேற்பகுதியில் ஒரு மீட்டர் அளவுக்கு அதைக் கெட்டித்தால், அடியில் உள்ள களி வீங்குவது வெகுவாக அடங்குகிறது என்று பெரிய அளவிலான சோதனைகளில் அளந்து காட்டினார். வெறும் பாரத்தால் அடங்குவதாக இருந்தால் அதே கனமுள்ள மணலும் அடக்கியிருக்க வேண்டும், அது அடக்கவில்லை. துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பதுதான் காரணம் என்பது அவர் விளக்கம். திருச்சிக்குத் தெற்கே லாரி லாரியாகப் போகும் சிவப்புக் கிராவல், சோதனையில் வீங்காது என்று உறுதியானால், இந்த வேலைக்கு ஏற்றது. கொல்லைக் களத்துக்கு ஒரு மீட்டர் கிராவல் என்றால் பலர் பின்வாங்குவார்கள். முக்கால் பங்கு அல்லது பாதிப் பங்கு போட்டால் பலன் அந்தந்த அளவுக்குக் குறையும், மண்ணோடு பேரம் பேச முடியாது.

இன்னொரு வழி சுண்ணாம்பு. வெற்றிலைக் கவுளிக்குச் சுண்ணாம்பு என்றால் சிரிப்பு வரும், ஆனால் வேதியியல் அதுதான். களித்தகடுகளுக்கு நடுவே சோடியம் இருந்தால் தகடுகள் தண்ணீரில் கட்டுக்கடங்காமல் விலகும், கால்சியம் இருந்தால் ஓரளவோடு நின்றுவிடும். எடையில் மூன்று முதல் ஆறு சதவீதம் சுண்ணாம்பைக் கலந்தால் கால்சியம் வந்து சோடியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. இதற்கு அயனிப் பரிமாற்றம் என்று பெயர். சில மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த களி உதிரி உதிரியாகிறது. அதோடு நிற்காமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் களியிலுள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் சேர்ந்து சிமென்ட் போன்ற பிணைப்பை உண்டாக்குகிறது.

சோடியமும் கால்சியமும் போடும் இந்தச் சண்டையை நேரில் பார்க்கத் திருச்சியைவிட நல்ல இடம் கிடைக்காது. நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி களர் நிலத்தில் அமைந்தது, களரைத் தாங்கி விளையும் திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்கள் அங்கே உருவானவை. களர் என்பது சோடியம் மிகுந்த மண். அதில் களித்துகள்கள் தனித்தனியாகச் சிதறித் துளைகளை அடைத்துவிடுவதால், பெய்த மழை நாள்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். வீட்டில் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உலர்ந்த மண்ணாங்கட்டி ஒன்றைச் சுத்தமான மழைநீரில் மெல்ல இட்டு அசைக்காமல் விட்டால், கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவும். ஆஸ்திரேலிய மண்ணியலாளர் எமர்சன் 1967-இல் முறைப்படுத்திய சோதனை இது. களரைத் திருத்த விவசாயிகள் போடுவது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். கால்சியம் சோடியத்தை வெளியேற்றும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும்.

அப்படியானால் சுண்ணாம்பும் நல்லது, ஜிப்சமும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று தோன்றும். அங்கேதான் வம்பு. சுண்ணாம்பு மண்ணைக் கடும் காரத்தன்மைக்குக் கொண்டுபோகும். அந்நிலையில் களியிலிருந்து கரைந்து வரும் அலுமினியமும் ஜிப்சத்தின் சல்பேட்டும் சேர்ந்து எட்ரிஞ்சைட் என்ற ஊசிப் படிகமாகும். ஏராளமான தண்ணீரைத் தன் அமைப்புக்குள் பூட்டிக்கொள்ளும் இந்தப் படிகம் வளர இடம் கேட்கும், தரையைத் தூக்கும். லாஸ் வேகாஸில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலை சுண்ணாம்பு கலந்து உறுதியாக்கப்பட்டது. அது சில ஆண்டுகளில் முண்டும் முடிச்சுமாக எழும்பிய காரணத்தை ஹன்டர் என்ற பொறியாளர் 1988-இல் இப்படித்தான் துப்புத் துலக்கினார். வீக்கத்தை நிறுத்தப் போட்ட மருந்தே வீங்கவைத்தது. காரை மேடுகளில் கண்ட ஜிப்சம் சில்லுகள் இங்கே முக்கியமாகின்றன. திருச்சியில் மனையை மேடாக்க லாரியில் வரும் நிரப்பு மண் எந்த ஊர் மண் என்று கேட்பவர்கள் குறைவு. அந்த மண்ணில் சல்பேட் இருக்கிறதா என்று பார்க்காமல் சுண்ணாம்பைக் கலப்பது, இருக்கும் தொல்லையோடு புதிதாக ஒன்றைக் கூட்டிக்கொள்வது.

பெரிய கட்டடங்களுக்கு ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கண்ட வழி ஒன்று உண்டு. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைக் கடந்து, மூன்றரை மீட்டர் ஆழத்தில் குமிழ் வைத்த பைல் இறக்குவது. கொல்லைக் களத்துக்கு அது கட்டுப்படியாகாது.

மேலே உள்ள புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியாகவேண்டும், ஏனென்றால் அதன் சூடு திரும்பவும் மண்ணிடமே கொண்டுபோய் விடுகிறது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் செயற்கைப் புல்லின் மேற்பரப்பை அளந்தபோது, காற்று 37 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் புல் 93 டிகிரியைத் தொட்டது. உயிருள்ள புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது, பிளாஸ்டிக்குக்கு அந்த வழியில்லை. தண்ணீர் தெளித்தும் பார்த்தார்கள். 79 டிகிரியில் இருந்த புல் 29-க்கு இறங்கியது, ஐந்தே நிமிடத்தில் 49-க்கும் இருபது நிமிடத்தில் 73-க்கும் ஏறிவிட்டது. திருச்சியின் கத்திரி வெயிலில் பகலில் அதன்மேல் வெறுங்காலோடு பிள்ளைகளை விடமுடியாது. சூடு தணிக்க மாலைதோறும் குழாயைத் திறந்துவிட்டால், கோடையிலும் களிக்குத் தண்ணீர் கிடைக்கும், அதுவும் தெளிக்கிற இடத்தில் மட்டும். இழைகளுக்கு நடுவே தூவும் கறுப்பு ரப்பர் துகளும் சூட்டைக் கூட்டுகிறது, மழையில் வடிகால் வழியே வெளியேறவும் செய்கிறது. நுண்நெகிழிக் கட்டுப்பாட்டின் பகுதியாக ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இந்தத் துகளுக்குத் தடை கொண்டுவந்து, மாற்றிக்கொள்ள 2031 அக்டோபர் வரை அவகாசம் தந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்துக் கொல்லையின் வடிகால் கடைசியில் எந்த ஆற்றுக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக் களத்துக்குச் சிலிக்கா மணல் மட்டும் போதும்.

செயற்கைப் புல்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு அருகம்புல் இருக்கிறது. பெர்முடா என்ற பெயரில் உலகின் வெப்ப நாட்டு மைதானங்களில் விரிந்திருப்பது நம் வாய்க்கால் வரப்பில் முளைக்கும் அதே இனம். மண் வீங்கினால் அது கூடவே ஏறும், சுருங்கினால் இறங்கும், ஒட்டுத்தையல் பிரிய அதில் ஒன்றுமில்லை. நிழல்தான் அதற்கு ஆகாது. தென்னை சூழ்ந்த கொல்லையில் அது சோடைபோவதால்தான் பலர் பிளாஸ்டிக்குக்குப் போகிறார்கள்.

களம் போட எது நல்ல காலம் என்று கேட்டால், கோடை விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும் என்று சித்திரையில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். மண்ணின் கணக்கில் அது வருடத்திலேயே மோசமான நேரம். முழுக்கச் சுருங்கி வெடித்துக் கிடக்கும் களியை அப்படியே மட்டம் செய்து மூடினால், அடுத்த மழையில் அது போகக்கூடிய ஒரே திசை மேலே. வெடிப்புகளுக்குள் தண்ணீர் விட்டு, சில நாள் ஊறவைத்து, பிறகு ரோலர் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். அதைவிட, வடகிழக்கு மழை முடிந்து மண் நடுத்தர ஈரத்தில் இருக்கும் தை, மாசி ஏற்றது. அவசரமில்லாதவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: நிலத்துணி, ஜல்லி, குழாய் எல்லாம் முடித்து, ஓரக்கட்டையும் கட்டிவிட்டு, விரிப்பை மட்டும் வாங்காமல் ஒரு மழைக்காலத்தை விட்டுப்பிடிப்பது. களத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் குறி வைத்து, ட்யூப் லெவலால் ஆடியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் பார்த்தால் எந்த இடம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பது சுவரில் பென்சில் கோடாகவே தெரிந்துவிடும். எழும்பிய இடத்தில் சிப்ஸ் ஜல்லியைச் சுரண்டி, இறங்கிய இடத்தில் நிரப்பி மட்டம் செய்ய இரண்டு ஆள் கூலி ஆகும். விரிப்பு போட்டபின் அதே வேலைக்குத் தையலைப் பிரிக்கவேண்டும், மணலை வாரவேண்டும், பசையைப் புதிதாக வாங்கவேண்டும்.